சுத்த தன்யாசியை நம்பி ப்ளூஸ் வாசிக்கப் போனவனின் அனுபவம்

எலெக்ட்ரிக் மாண்டலினில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸை வாசிக்கக் கற்றுக்கொள்வதற்கு நான் செலவழித்ததில் சுமார் 1,200 டாலர் வீணாகப் போயிற்று. பணத்தைக்கூட விட்டுவிடலாம், சிகாகோவின் குளிர்காலத்து வார இறுதிகள் வரிசையாகப் போனதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். கர்நாடக சங்கீதத்தில் மாண்டலின் பழகிவிட்டு, வேலைக்காக இந்த நாட்டுக்கு வந்து, இங்கே காதில் விழும் ப்ளூஸ் மேல் ஆசைப்படுகிறவர்கள் இன்னும் சிலராவது இருப்பார்கள். கிதார் என்றால் தடுக்கி விழுந்த இடத்தில் ஓர் ஆசிரியர் கிடைப்பார். ஐந்து ஒற்றைக் கம்பி போட்ட எலெக்ட்ரிக் மாண்டலினைத் தூக்கிக்கொண்டு போனால், “இது என்ன, குழந்தைகள் கிதாரா?” என்று கேட்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்குச் சொல்ல ஆளில்லாமல் போனவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆரம்பத்தில் எனக்கு இருந்த துணிச்சலுக்கெல்லாம் காரணம் ஒரு வாக்கியம்தான். நண்பர் வீட்டு விருந்தில் கிதார் வாசிக்கிற ஒருவர் சொன்னார்: “ப்ளூஸ் ஸ்கேல் என்பது உங்கள் சுத்த தன்யாசிதானே, உங்களுக்கு என்ன கஷ்டம்?” கணக்குப்படி அது சரிதான். சுத்த தன்யாசி ஐந்து ஸ்வரம் கொண்ட ராகம்: சட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். மேற்கே அதற்கு மைனர் பென்டடானிக் என்று பெயர். இடையில் ஒரு பிரதி மத்யமத்தைத் தொட்டுக்கொண்டால் அதுவே ப்ளூஸ் ஸ்கேல். சென்னையில் எங்கள் சாரிடம் கற்றுக்கொண்ட காலத்தில், சுத்த தன்யாசியில் கற்பனை ஸ்வரம் வாசிக்கச் சொன்னால் நான் தயங்கியதே இல்லை. பிறகு என்ன கவலை? அடுத்து நான் பணம் கட்டிய வீடியோ பாடமும், மணிக்கு 60 டாலர் வாங்கிய கிதார் ஆசிரியரும் இதையே வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். பாடத்துக்கு 200, ஆசிரியருக்கு ஏறத்தாழ 500. அந்த ஐந்து ஸ்வரங்களையும் கிதாரின் விரல்தட்டில் எங்கெங்கே பிடிப்பது என்பதைத்தான் இரண்டு இடத்திலும் கற்றுக்கொடுத்தார்கள். அதில் மாண்டலினும் இல்லை, ப்ளூஸும் இல்லை.

முதலில் வாத்தியத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணம் அதிகம் கரைகிற இடம் அதுதான். நம் பக்கத்தில் எலெக்ட்ரிக் மாண்டலின் என்றால் யு. ஸ்ரீநிவாஸ். இரட்டைக் கம்பிகளை ஒற்றையாக்கி, ஐந்து கம்பி வைத்து, கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதற்கு, வழி செய்துகொண்டவர். டெக்சாஸ் பக்கத்து நடன இசையான வெஸ்டர்ன் ஸ்விங்கில் பாப் வில்ஸின் குழுவில் வாசித்த டைனி மூரும் 1950-களிலேயே பால் பிக்ஸ்பி செய்துகொடுத்த ஐந்து ஒற்றைக் கம்பி எலெக்ட்ரிக் மாண்டலினைத்தான் வைத்திருந்தார் என்பது எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. ஆக, கையில் இருக்கும் வாத்தியம் ப்ளூஸுக்குச் சரியானதே. மாற்ற வேண்டியது சுருதி சேர்க்கும் முறையை மட்டும்தான். என் மாண்டலின் ச-ப-ச-ப-ச என்று சேர்த்திருந்தது. இங்கே புத்தகமோ ஆசிரியரோ பேசுவதெல்லாம் கீழிருந்து மேலாக சி, ஜி, டி, ஏ, ஈ என்ற மேற்கத்திய ஸ்வரங்களின் வரிசை. ஒவ்வொரு கம்பியும் அதற்கு முந்தையதன் பஞ்சமம். இப்படிச் சேர்த்தால் ஓரிடத்தில் பிடித்த விரலமைப்பு எந்தக் கம்பிக்கு நகர்த்தினாலும் மாறாது. கர்நாடக முறையில் சட்ஜம் மாறாதவரை அது ஒரு பொருட்டே இல்லை. ப்ளூஸில் ஒரு பாட்டுக்கு ஈ சட்ஜம், அடுத்ததற்கு ஏ, அதற்கடுத்ததற்கு ஜி என்று போகும். அப்போது இந்த ஒரே அமைப்புதான் காப்பாற்றும். பழைய முறையிலேயே சமாளித்துவிடலாம் என்று காலத்தைக் கடத்தாதீர்கள். கம்பிகளை மாற்றிச் சேர்த்துவிட்டுச் சரளி வரிசையிலிருந்து மறுபடி வாருங்கள். விரல்கள் முரண்டு பிடிக்கும், கொஞ்ச நாளில் பழகிவிடும்.

இதற்கிடையில், “ப்ளூஸ் மாண்டலின் என்றால் எட்டுக் கம்பிதான்” என்று ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பிப் பழைய எட்டுக் கம்பி எலெக்ட்ரிக் மாண்டலின் ஒன்றை 650 டாலருக்கு வாங்கினேன். விற்றபோது 400 கிடைத்தது. அவர் சொன்னதிலும் தவறில்லை. யாங்க் ரேச்சல், ஜானி யங் போன்ற பழைய ப்ளூஸ் மாண்டலின்காரர்கள் இரட்டைக் கம்பியில்தான் வாசித்தார்கள். ஆனால் ஒரு ஜோடிக் கம்பியை விரலால் இழுத்தால் இரண்டும் ஒரே அளவு ஏறாது, சுருதி பிசகி நாராசமாகக் கேட்கும். அதனால்தான் அவர்கள் இழுப்பதைவிடச் சறுக்குவதையும், ஒரே ஸ்வரத்தை வேகமாக மீட்டிக்கொண்டே இருக்கும் ட்ரெமலோவையும், இரண்டு கம்பிகளைச் சேர்த்து அடிப்பதையும் நம்பினார்கள். கமகம் பழகிய கைக்கு ஒற்றைக் கம்பியை இழுப்பதுதான் இயல்பு என்றால், இருக்கும் வாத்தியத்தை விட்டுவிட்டு இன்னொன்றைத் தேடிப் போக வேண்டியதில்லை. கம்பி வாங்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, அக்கூஸ்டிக் மாண்டலினுக்கான வெண்கலச் சுற்றுக் கம்பிகளைக் கம்பி அதிர்வை மின்னொலியாக்கும் காந்தப் பிக்கப் சரியாக எடுத்துக்கொள்ளாது; நிக்கல் சுற்றோ எஃகோ வேண்டும். இன்னொன்று, கம்பியின் நுனி. சாதாரண மாண்டலின் கம்பியின் நுனியில் வளையம் இருக்கும். பல எலெக்ட்ரிக் மாண்டலின்களின் பிரிட்ஜுக்கு கிதார் கம்பிபோல நுனியில் குண்டு உள்ளதுதான் பொருந்தும். இது தெரியாமல் வாங்கிய செட்டுகள் இன்னமும் மேஜை இழுப்பறையில் கிடக்கின்றன.

இனி ஜாம் கதை. சிகாகோவில் வாரநாள் இரவுகளில் ப்ளூஸ் ஜாம், அதாவது ஒத்திகை இல்லாமல் யார் வேண்டுமானாலும் ஏறிச் சேர்ந்து வாசிக்கும் மேடை, நடத்தும் மதுக்கூடங்கள் உண்டு. வாசலில் தாளில் பெயரையும் வாத்தியத்தையும் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். டிரம்ஸும் பேஸும் அவர்களுடையவை. நம்மைப் போன்ற அந்நியர்கள் மூன்று நான்கு பேரைச் சேர்த்து மேடையில் ஏற்றுவார்கள். தலைவர் “ஈயில் ஒரு ஷஃபிள், க்விக் சேஞ்ச்” என்றார். எனக்கு ஈ மட்டும் புரிந்தது. தனியாக வாசிக்கும் முறை, அதாவது சோலோ, என் பக்கம் வந்ததும் சுத்த தன்யாசியை எடுத்து, நிதானமாக மந்திர ஸ்தாயியில் தொடங்கி, படிப்படியாக மேலே போகலாம் என்று திட்டம். தார சட்ஜத்தைத் தொடுவதற்கு முன்பே தலைவர் கையை அசைத்தார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து இன்னும் வேகமாக வாசித்தேன். அடுத்தவர் தொடங்க வேண்டும் என்பதற்கான சைகை அது. ஹார்மோனிகாக்காரர் என் மேலேயே வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. கீழே இறங்கியபோது ஒருவர் அன்பாகவே, “சிதார் மாதிரி நன்றாக இருந்தது” என்றார். அன்றிரவு பனியில் காரைத் துடைத்துக்கொண்டு நின்றபோது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பதினைந்து வயதில் கச்சேரி மேடை ஏறியவனை ஐந்து ஸ்வரம் கவிழ்த்துவிட்டதே என்று.

போனில் பதிவு செய்திருந்ததை எங்கள் சாருக்கு அனுப்பினேன். அவருக்கு ப்ளூஸ் என்றால் என்னவென்றே தெரியாது. கேட்டுவிட்டுச் சொன்னார்: “உன்கூட வாசிக்கிறவர்கள் அடியில் இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்களே, நீ ஏன்டா அதைக் காதில் வாங்காமல் தம்புரா ஓடுகிற நினைப்பிலேயே வாசிக்கிறாய்?” “சார், ராகம் அதேதானே?” என்றேன். “ராகம் அதேதான். ஆனால் நீ நிற்கிற ஸ்வரம் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி கேட்கிறதே!” என்றார். அத்தனை டாலர் கொடுத்தும் கிடைக்காத பாடம் ஒரு வாட்ஸ்அப் அழைப்பில் கிடைத்தது.

விஷயம் இதுதான். பன்னிரண்டு பார் ப்ளூஸ் ஒரு சுற்றுக்கு, பாருக்கு நான்காக, 48 அட்சரம், அதாவது ஆதி தாளத்தில் ஆறு ஆவர்த்தனம். முதல் இரண்டு ஆவர்த்தனம் சட்ஜத்தின் மேல் எழும் கார்ட், அதாவது ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம். மூன்றாவதில் மத்யமத்தின் மேல். நான்காவதில் மறுபடி சட்ஜம். ஐந்தாவது ஆவர்த்தனத்தின் லகுவில், அதாவது முதல் நான்கு அட்சரத்தில், பஞ்சமம்; திருதம் விழும் மீதி நான்கில் மத்யமம். ஆறாவதில் சட்ஜம், அதன் திருதத்தில் பஞ்சமம் வந்து அடுத்த சுற்றுக்குத் திருப்பிவிடும். க்விக் சேஞ்ச் என்றால் முதல் ஆவர்த்தனத்தின் திருதத்திலேயே ஒருமுறை மத்யமத்துக்குப் போய் வருவார்கள், அவ்வளவுதான். இதைக் கையில் தாளம் போட்டு, கார்ட்களின் பெயரை வாயால் சொல்லிச் சொல்லிப் பழகினேன். வாத்தியத்தைத் தொடாமல் இதை மட்டும் சில நாள் செய்யுங்கள். மேடையில் எண்ணிக்கை தப்பாது.

இனி காந்தாரத்துக்கு வருகிறேன். சட்ஜ கார்டில் இருப்பது அந்தர காந்தாரம். நம் சுத்த தன்யாசியில் இருப்பது சாதாரண காந்தாரம். இரண்டும் அரை ஸ்வர இடைவெளியில் உரசுகின்றன. அந்த உரசல்தான் ப்ளூஸின் ருசி என்றாலும், அங்கேயே போய் அசையாமல் உட்கார்ந்துவிட்டால் என்ன சொல்ல வருகிறோம் என்று தெரியாமல் நிற்பதுபோல இருக்கும். கார்ட் மத்யமத்துக்குப் போகும்போது நிலைமை தலைகீழ். சாதாரண காந்தாரம் அந்தக் கார்டுக்கே சொந்தமான ஸ்வரமாகிவிடுகிறது. அப்போது அதில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். சட்ஜ கார்டில் இனித்த அந்தர காந்தாரத்தை மோகனம் வாசிக்கிற நினைப்பில் இங்கேயும் கொண்டுவந்து நிறுத்தினால் பேஸ்காரர் திரும்பிப் பார்ப்பார். எனக்கு நடந்திருக்கிறது.

மாண்டலினில் இதைப் பிடிப்பதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. இதைத் தனியாக உட்கார்ந்து தடவித் தடவிக் கண்டுபிடித்தபோது அடைந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஏயைச் சட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். டி கம்பியில் ஐந்தாம் மெட்டு (விரல்தட்டில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை), ஏ கம்பியில் நான்காம் மெட்டு, இரண்டையும் சேர்த்து மீட்டுங்கள். கைசிகி நிஷாதமும் அந்தர காந்தாரமும். சட்ஜ கார்டின் உயிர் இந்த இரண்டு ஸ்வரங்களில்தான் இருக்கிறது. கார்ட் மத்யமத்துக்கு மாறும்போது இரண்டு விரலையும் அப்படியே ஒரு மெட்டு கீழே இறக்குங்கள். சதுஸ்ருதி தைவதமும் சாதாரண காந்தாரமும் வந்துவிடும். அவைதான் மத்யம கார்ட். பஞ்சமம் வரும்போது முதல் இடத்திலிருந்து ஒரு மெட்டு மேலே ஏற்றுங்கள். காகலி நிஷாதமும் சுத்த மத்யமமும். பஞ்சம கார்ட் தயார். நடுவில் ஒன்று, கீழே ஒன்று, மேலே ஒன்று. மொத்தப் பன்னிரண்டு பாரும் மூன்று மெட்டுக்குள் அடக்கம். பாட்டு ஈயில் என்றால் டி கம்பியில் ஆறாம் மெட்டு, ஏ கம்பியில் ஐந்தாம் மெட்டு என்று தொடங்கி இதையே செய்யலாம். அடுத்தவர் சோலோ வாசிக்கும்போது இந்த இரண்டு ஸ்வரங்களை இரண்டாம், நான்காம் அட்சரங்களில் சிக்கனமாக வெட்டி வெட்டி மீட்டிக்கொண்டிருந்தால், மேடையில் நம்மை யாரும் உபரி என்று நினைக்க மாட்டார்கள். நம் முறை வந்ததும் இதே ஸ்வரங்களைக் குறிவைத்து சுத்த தன்யாசியை நகர்த்திக்கொண்டு போகலாம். சரியாகப் பழகியிருக்கிறோமா என்று தெரிந்துகொள்ளப் பின்னணி இசையே இல்லாமல் தனியாக ஒரு சுற்று வாசித்துப் பதிவுசெய்து கேளுங்கள். கார்ட் எங்கே மாறியது என்பது வெறும் மாண்டலினிலிருந்தே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் பின்னணி டிராக் உங்களை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

“சிதார் மாதிரி” என்று சொன்னாரே, அது ஏன் என்று புரிந்துகொள்ளவும் நாளானது. நாம் காந்தாரத்தை அசைக்கிறோம். மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போய். கை தானாகச் செய்கிறது. ப்ளூஸில் அந்த இழுப்புக்கு ஒரே திசைதான். சாதாரண காந்தாரத்தை மீட்டிய பிறகு அந்தரத்தை நோக்கிக் கம்பியைத் தள்ள வேண்டும், ஆனால் அங்கே போய்ச் சேரக் கூடாது. இரண்டுக்கும் நடுவில், நம் சாஸ்திரத்தில் பெயர் கொடுக்காத ஓரிடத்தில் நிறுத்தி, அப்படியே விட்டுவிட வேண்டும். திரும்பி வரும் வழியைக் காதுக்குக் காட்டக் கூடாது. மேலே உள்ள மெல்லிய ஏ, ஈ கம்பிகளில் ஐந்தாம் மெட்டுக்கு மேல் இது நன்றாக வருகிறது. சுற்றுக் கம்பிகளில் வராது, அங்கே ஒரு மெட்டு கீழிருந்து சறுக்கி ஏறுவதுதான் வழி. கமகத்தை அடக்க நான் ஓர் உபாயம் செய்தேன்: முதலில் வாயால் பாடுவது, பாடியதை மட்டும் வாசிப்பது. ப்ளூஸ் பாடகர்களைக் கேட்டுக் கேட்டு வாய் திருந்திய பிறகுதான் விரல் திருந்தியது. ஸ்ரீநிவாஸ் ‘ரிமெம்பர் சக்தி’ குழுவில் ஜாஸ் கிதார்க்காரர் ஜான் மெக்லாலினுடன் வாசித்ததைக் காட்டி, அவர் கமகத்தோடுதானே வாசித்தார் என்று கேட்பவர்கள் உண்டு. அது இரண்டு இசைகள் சந்திக்கிற மேடை. ஷஃபிள் நடக்கிற மதுக்கூட மேடைக்கு அந்த வாதம் செல்லாது.

நடையைப் பொறுத்தவரை நமக்கு ஆதாயம்தான். ஷஃபிள் என்பது திஸ்ர நடையில் நடு அட்சரத்தை விழுங்கிவிடுவது: தகிட என்பதில் ‘த’வும் ‘ட’வும். மெதுவான ப்ளூஸில் மூன்றும் கேட்கும். ஆனால் அழுத்தம் நாம் தட்டுகிற சமத்தில் விழுவதில்லை, இரண்டிலும் நான்கிலும் விழுகிறது. அதற்குத் தாளம் போடும் கையைக் கட்டிவைத்துவிட்டுக் காலை நம்ப வேண்டியிருந்தது.

நேரம்தான் பெரிய அதிர்ச்சி. நிமிடத்துக்கு 120 அட்சரம் ஓடும் ஷஃபிளில் ஒரு சுற்று 24 நொடிதான். ஜாமில் ஒருவருக்கு வழக்கமாகக் கிடைப்பது இரண்டு சுற்று, அதாவது 48 நொடி. ராகத்தை எட்டிப் பார்ப்பதற்குள் முடிந்துவிடும். அதனால் கட்டிக் கட்டி மேலே போகும் திட்டமெல்லாம் இங்கே வேலைக்கு ஆகாது. ப்ளூஸ் பாட்டில் ஒரு வரியைப் பாடி, அதையே இன்னொரு முறை பாடி, மூன்றாவது வரியில் பதில் சொல்வார்கள். ஒவ்வொரு வரிக்குப் பின்னும் வாத்தியம் பேச இடம் விடுவார்கள். சோலோவையும் அப்படியே அமைத்துக்கொண்டேன். ஓர் ஆவர்த்தனத்துக்கு ஒரு சின்னச் சங்கதி, அடுத்த ஆவர்த்தனத்தில் பெரும்பாலும் மௌனம். அதே சங்கதியை மத்யம கார்டுக்கு ஏற்ப ஒரு ஸ்வரம் மாற்றித் திரும்பச் சொல்வது. மூன்றாவதாக ஒரு பதில். மாண்டலினில் கார்வை கிதாரில் போல நீளாது, சீக்கிரம் அடங்கிவிடும் என்பதால் இந்தச் சின்னச் சின்னப் பேச்சு அதற்குப் பொருந்துகிறது. மௌனம் விடுவதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இடைவெளி விட்டால் வித்தை இல்லை என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம், சிறுவயதுப் போட்டிகளில் ஊறிப்போனது.

யாரைக் கேட்பது என்றால், யாங்க் ரேச்சல். டென்னசி மாநிலத்தின் பிரவுன்ஸ்வில் ஊர்க்காரர்; சிறுவனாக இருந்தபோது வளர்க்கக் கொடுத்த பன்றியைக் கொடுத்துவிட்டு மாண்டலின் வாங்கியதாக அவரே சொல்லும் கதை பிரபலம். 1929-ல் மெம்பிஸில் ப்ளூஸ் பாடகர் ஸ்லீப்பி ஜான் எஸ்டஸுடன் பதிவுசெய்தவர், பிற்காலத்தில் இண்டியானாபொலிஸில் குடியேறி எலெக்ட்ரிக் மாண்டலினும் வாசித்தார். அவருடைய வாசிப்பில் நளினத்தைத் தேடாதீர்கள், பாட்டுக்கும் வாத்தியத்துக்கும் நடக்கும் பேச்சைக் கேளுங்கள். அடுத்து ஜானி யங். மிசிசிப்பியிலிருந்து சிகாகோ வந்தவர், ப்ளூஸ்காரர்கள் தெருவிலேயே வாசித்த மேக்ஸ்வெல் தெருவின் ஆள். டிரம்ஸ், ஹார்மோனிகா, எலெக்ட்ரிக் கிதார் நடுவே மாண்டலின் எங்கே நுழைய வேண்டும் என்பதற்கு அவரைவிட நல்ல பாடம் இல்லை. நான் இவர்களுடைய சங்கதிகளைத் தமிழில் ஸ்வரப்படுத்தி, கார்ட் மாறும் இடத்தில் சிவப்புக் கோடு போட்டு, பழைய பாட்டு நோட்டிலேயே எழுதி வைத்திருக்கிறேன். கிதார் சோலோக்களை நகலெடுப்பதைவிட இது பல மடங்கு பயன்பட்டது.

ஆம்ப் (ஒலிபெருக்கி) விஷயத்தில் நீட்ட ஒன்றுமில்லை. கிதாருக்குச் சரிசெய்து வைத்த ஆம்பில் மாண்டலினைச் செருகினால் ஈ கம்பி காதைக் கிழிக்கும். மேடையேறியதும் ட்ரெபிளைக் குறைத்து, வாத்தியத்தில் உள்ள டோன் குமிழையும் பாதிக்கு இறக்கிவிடுங்கள். ஒலியைக் கரகரப்பாக்க 120 டாலர் கொடுத்து வாங்கிய ஓவர்டிரைவ் பெடல் எனக்கு ரீங்காரத்தை மட்டும்தான் பெருக்கிக் காட்டியது. சின்ன டியூப் ஆம்பைக் கொஞ்சம் தூக்கி வைத்தாலே வேண்டிய கரகரப்பு வந்துவிடுகிறது. சோலோவை கீழுள்ள சி, ஜி, டி கம்பிகளில் தொடங்கினால் கிதார்க்காரர்களுக்கும் குரல் புரியும், ஈ கம்பியைக் கடைசி நான்கு பாருக்கு வைத்துக்கொள்ளலாம். கேபிளை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். அங்கே இரவல் கொடுக்கும் கேபிள்களில் பாதி, மிதித்து மிதித்து உயிர் விட்டவை. பெயர் எழுதும் தாளில் ‘மாண்டலின்’ என்று மட்டும் எழுதாமல் ‘எலெக்ட்ரிக் மாண்டலின்’ என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் மைக் முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிடுவார்கள்.